தொழிற்சாலை ஏன் சார்லிக்கு?

‘அது குழந்தைகள் படம். அதிலும் போய் அரசியல் தேடுவதா?’ சிறுவயதில் நேசித்த ஒரு படத்தைப் பற்றி வாய் திறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. 1971இல் வெளிவந்த ‘வில்லி வோங்கா அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி’ எனக்கும் பிடித்த படம்தான். வோங்காவாக வரும் ஜீன் வைல்டர் பாடிக்கொண்டே காட்டும் அந்தச் சாக்லேட் ஆற்றை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன்.

சமீபத்தில் அக்கா மகளுடன் அதை மீண்டும் பார்த்தேன். தொழிற்சாலையில் வேலை செய்யும் உம்ப்பா லூம்ப்பாக்கள் பாடி முடித்ததும் அவள் கேட்டாள்: “இவங்கல்லாம் எப்போ வீட்டுக்குப் போவாங்க?”

படத்தில் இதற்குப் பதில் இல்லை. அவர்களுக்குத் தனித்தனிப் பெயர்கூட இல்லை. எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே தலைமுடி. பேராசை பிடித்த பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிப் பாடுகிறார்கள். தங்களைப் பற்றிப் பாடுவதெல்லாம் தாங்கள் மகிழ்ச்சியாக இருப்பதாக மட்டும்தான். கொடிய விலங்குகளிடமிருந்து அவர்களைக் காப்பாற்றி அழைத்து வந்ததாக வோங்கா சொல்கிறார். கூலி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கதையின் மூலம் ரோல்ட் டால் 1964இல் எழுதிய நாவல். அதன் முதல் பதிப்பில் இவர்கள் ஆப்பிரிக்கக் காட்டின் கறுப்பின மக்கள். பெட்டிகளில் அடைத்துக் கடத்தி வரப்பட்டவர்கள். அவர்களுக்குக் கூலி கொக்கோ விதை. இதற்குக் கண்டனம் எழுந்தது. படத்தில் முகத்துக்கு ஆரஞ்சுச் சாயமும் தலைக்குப் பச்சை நிறமும் பூசினார்கள். 1973இல் திருத்திய பதிப்பில் டால் அவர்களை வெள்ளைத் தோலினராக மாற்றினார். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்கிறார்கள்.

எது தீர்ந்தது? தோலின் நிறம்தான் மாறியது. ஒரு மக்கள் கூட்டமே ஒருவருக்கு வேலை செய்யப் பிறந்தது என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் விளக்கினார். அதைப் படித்தவர்களுக்கு இந்தத் தொழிற்சாலை அந்நியமாகத் தெரியாது. “நம்ம ஆளுங்களுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?” என்று கேட்கும் பண்ணையாரின் குரல்தான் வோங்காவின் குரலும்.

இறுதிக் காட்சிக்கு வருவோம். ஏழைச் சிறுவன் சார்லிக்குத் தொழிற்சாலையை எழுதிவைக்கிறார் வோங்கா. சின்ன வயதில் அந்த இடத்தில் அழுதிருக்கிறேன். வோங்கா சொல்லும் காரணத்தை இப்போதுதான் கவனித்தேன். பெரியவர்களிடம் கொடுத்தால் அவர்கள் இஷ்டத்துக்கு நடத்துவார்களாம். அதனால் தொழிற்சாலையையும் அந்தத் தொழிலாளர்களையும் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல பிள்ளை வேண்டுமாம். தொழிற்சாலையை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். அவர்களும் வாரிசாகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காரணம், அவர்களும் அந்தச் சொத்தில் ஒரு பகுதி.

‘சார்லியும் பசியோடு வளர்ந்தவன்தானே?’ என்று கேட்கலாம். உண்மைதான். ஒரு ஏழையை மேலே ஏற்றிவிட்டதால் படிக்கட்டு நியாயமாகிவிடாது. கீழ்ப்படியில் நிற்பவர்களைக் காவல் காக்க அவனையே நியமிப்பதுதான் இங்கே நடக்கிறது.

இது கற்பனை உலகத்தோடு முடிவதுமில்லை. உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே கொக்கோ சாகுபடியில் சுமார் 15.6 லட்சம் குழந்தைத் தொழிலாளர்கள் இருப்பதாக மதிப்பிட்டது. இனிப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பாட்டாகவும் வேடிக்கையாகவும் மாற்றிக் காட்டும் படத்தை ‘வெறும் படம்’ என்று ஒதுக்கிவிட முடியாது.

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் ‘சும்மா பாரு’ என்று வாயை அடைக்காதீர்கள். அவர்களை வீட்டுக்கு விடவே மாட்டார்கள் என்று அக்கா மகளிடம் சொன்னேன். “அப்போ சார்லி நல்லவன் இல்லையா?” என்றாள். நல்லவன்தான். நல்ல முதலாளி ஒருவர் கிடைத்துவிட்டால் போதும் என்று நம்மையும் நம்பவைத்திருக்கிறார்களே, சண்டை அதோடுதான்.