வேகமும் காத்திருப்பும்

மடிக்கணினி வாங்க உத்தேசிக்கும் நண்பர்கள் பலர், கடைப்படி ஏறுமுன்பே கீக்பெஞ்ச், சினிபெஞ்ச் முதலிய சோதனைகள் தரும் மதிப்பெண்களை மனனம் செய்துகொண்டு, அதிக எண் பெற்ற யந்திரத்துக்காகச் சில ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கவும் சித்தமாயிருக்கிறார்கள். அந்த எண்கள் பொய்யல்ல. பிராசஸர் தனக்கிட்ட கணக்கை எவ்வளவு துரிதமாக முடிக்கிறதென்பதை அவை யோக்கியமாகவே அளக்கின்றன. ஆனால் கடிதம் தட்டச்சிடுபவரும் விண்ணப்பம் நிரப்புபவரும் காத்துக் கிடப்பது அந்தக் கணக்குக்காகத்தானா?

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால், அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்துக் கிராமங்களில் அதுவரை கணினியையே காணாத வீடுகளுக்கும் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட யந்திரங்கள் வந்து சேர்ந்தன. நாளடைவில் "ஸ்லோவாகிவிட்டது" என்று பரண் ஏறிய அவற்றில் ஒன்றை, புதுக்கோட்டைக் கீழராஜ வீதிக்கு அருகே ஒரு கடையில் பிரித்து வைத்திருக்கக் கண்டேன். "பிராசஸர்ல ஒண்ணும் குறை இல்லீங்க சார், ஹார்ட் டிஸ்க்தான் இழுக்குது" என்று சொல்லிக்கொண்டே, கடைக்காரர் பழைய டிஸ்க்கை உருவிவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் எஸ்எஸ்டி ஒன்றைச் செருகி, ராமையும் 4 ஜிபி ஆக்கினார். ஹார்ட் டிஸ்க்கின் சுழலும் தட்டில் முள் நகர்ந்து தகவலைத் தேடியெடுக்கப் பத்து மில்லி விநாடிக்கு மேலாகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியிலோ அதில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. கணினி விழித்தெழும்போது இத்தகைய தேடல்கள் ஆயிரக்கணக்கில் நிகழ்வதால், பிராசஸரின் மதிப்பெண் அணுவளவும் உயராமலே அந்த யந்திரம் புத்துயிர் பெற்றது.

மேலும், நம் சித்திரை வெயிலை அந்த மதிப்பெண்கள் அறியா. குளிரூட்டிய அறையில் முதலிடம் பெறும் பிராசஸர், வெப்பம் மிஞ்சினால் தற்காப்புக்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். செம்மண் தூசி அடைத்த மின்விசிறியோடு ஓட்டுவீட்டில் உழைக்கும்போது அது எத்தனையாவது இடத்தில் நிற்குமோ! 2018 நவம்பரில் கஜா புயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சூறையாடி, நாள் கணக்கில் மின்சாரமின்றித் தவிக்கவிட்டபோது, பேட்டரி எத்தனை நாழிகை தாங்கும் என்பதைத் தவிர வேறெந்த எண்ணுக்கும் மதிப்பிருக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு, எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கத்தின் வாயிலாக இம்மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அவர்களிற் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பியதற்குக் காரணம் வேகமல்ல. ஆசனத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஓடும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதுதான். தன் வாழ்க்கைக்கு எது வேண்டும் என்று தானே தீர்மானித்த அந்த விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்; மடிக்கணினி வாங்குபவருக்கும் வேண்டியது அதுவே.

கல்யாண வீடியோ தொகுப்பவருக்கு மதிப்பெண் ஒப்பீடு அவசியமே. ஒரு முகூர்த்தத்தின் படத்தை முடித்தெடுக்க ஆகும் நேரம் அவருக்குக் கூலி. மற்றவர்கள், குறைந்தது 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிற்காலத்தில் ராமைக் கூட்ட இடமுண்டா, அல்லது போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்களா என்று அவசியம் கேட்க வேண்டும். இக்காலத்து மெல்லிய மாடல்கள் பலவற்றில் பற்றவைத்தே விற்கிறார்கள்; விளம்பரத்தில் அதைச் சொல்வது அபூர்வம்.