ஒரு சுவர் கட்டுங்கள்

மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்க வளாகத்தில் 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் நடந்தன. அதற்கென்றே சர்வதேசத் தரத்தில் புதிய மைதானம் எழுந்தது. ஊருக்குப் பெருமைதான். தொகுதிக்கு ஒன்றாக, தலா 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கங்கள் அமைக்கும் திட்டமும் அரசிடம் இருக்கிறது. இதற்கு நடுவே டென்னிஸ் பழக ஒரு சுவர் கேட்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், சாதாரண வீட்டுப் பிள்ளைகள் கையில் ராக்கெட் பிடிக்க இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை.

டென்னிஸுக்குக் கோர்ட் வேண்டும், எதிரே ஈடான ஆள் வேண்டும், சொல்லித்தர ஒருவர் வேண்டும். மதுரை வெயிலில் ஆடத் தோதான நேரமோ காலையிலும் மாலையிலும் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் ஒரு கோர்ட்டில் நான்கு பேருக்கு மேல் ஆட முடியாது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ் ஏறி வரும் பிள்ளை என்ன செய்யும்? ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். பக்கத்தில் 36 அடி அகலச் சுவர் ஒன்று இருந்தால் மூன்று பேர் சேர்ந்து அடிக்கலாம். அழுத்தம் குறைந்த பழைய பந்தே போதும்.

சுவரில் 3 அடி உயரத்தில் ஒரு வெள்ளைக்கோடு. வலையின் நடு உயரம் அதுதான். கோட்டுக்கு மேலே அடித்த பந்து, எதிராளி திருப்பி அடிப்பதைவிடச் சீக்கிரம் திரும்பிவிடும். ராக்கெட்டைப் பின்னுக்கு இழுக்கத் தாமதித்தால் பந்து இடுப்பைத் தாண்டிப் போய்விடும். கால் நகராமல் கையை மட்டும் நீட்டினால் அடி கோணும். அடுத்த பந்துக்கு ஓட வேண்டும். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டன் வென்ற சுவீடனின் பியான் போர்க், சிறுவயதில் கார் கொட்டகைக் கதவில் பந்தடித்துப் பழகியவர்.

தவறான பிடி சுவரில் அடித்து அடித்தே இறுகிவிடும் என்று பயிற்சியாளர்கள் சிலர் அஞ்சுவார்கள். நியாயமான அச்சம். அவர்களே வாரம் ஒருமுறை பத்து நிமிடம் நின்று பார்த்துத் திருத்தினால் அது தீரும்.

கட்டுவதில்தான் கவனம் தேவை. பத்தடி உயரம், மேலே கம்பிவலை, மேடுபள்ளமில்லாத சிமென்ட் பூச்சு. பூச்சு பெயர்ந்தால் பந்து தாறுமாறாகத் தெறிக்கும். அப்புறம் யாரும் வரமாட்டார்கள். வடக்கு ஓரத்தில் எழுப்பினால் காலை, மாலை வெயில் நேராகக் கண்ணில் படாது. தெருப்பக்கம் மட்டும் வேண்டாம். மதுரையில் வெற்றுச் சுவர் ஒரு வாரம்கூடச் சுவரொட்டி இல்லாமல் தாங்காது.

டென்னிஸ் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கால்பந்து, கைப்பந்து பழகுவோருக்கும் அதே சுவர் உதவும். தொகுதி விளையாட்டரங்கங்களின் வரைபடத்தில் கையெழுத்திடும் முன், சட்டமன்ற உறுப்பினர்களும் மாவட்ட விளையாட்டு அலுவலரும் அதில் இந்தச் சுவரையும் சேர்க்க வேண்டும்.