‘விட்டுவிட்டேன்’ என்னும் வினைமுற்று

ஆய்வின் மூன்றாம் ஆண்டில் சிகரெட்டை நிறுத்தினேன். 17ஆம் நாள், ஓர் இயலை நெறியாளரிடம் ஒப்படைக்க வேண்டியதற்கு முந்தைய இரவில், விடுதி வாயில் தேநீர்க்கடையில் ஒன்றைப் பற்றவைத்தேன். “நீதான் விட்டுவிட்டாயே?” என்று நண்பன் சிரித்தான். மறுநாள் காலையில் முழுப் பெட்டியே வாங்கினேன்.

அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியே இப்பதிவு. ‘விட்டுவிட்டேன்’ என்பதில் முதல்வினையும் ‘விடு’, துணைவினையும் ‘விடு’. துணைவினை, செயல் ஐயமின்றி முற்றுப்பெற்றதைக் குறிக்கிறது. ‘தலைமுழுகிவிட்டேன்’ என்போரும் உளர். அது இழவுக் குளியலோடு உறவை அறுத்துக்கொள்ளும் சொல். இப்படி அறிவித்த ஒருவர் மறுபடி ஒரு சிகரெட்டைத் தொட்டால், அது சறுக்கலாகத் தோன்றுவதில்லை. சொன்ன சொல்லே பொய்த்ததாகத் தோன்றுகிறது. ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக எண்ணும் மனநிலையே பழக்கத்துக்கு மீளத் தள்ளுகிறது என்பதை உளவியலாளர் ஆலன் மார்லட் முன்பே விளக்கியுள்ளார். மொழி சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்று நான் வாதிடவில்லை. வெட்கத்துக்கு அது வாய்ப்பளிக்கிறது என்கிறேன், அவ்வளவே.

2016–17ஆம் ஆண்டின் உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் புகைப்போருள் 38.5 விழுக்காட்டினர் முந்தைய 12 மாதங்களில் நிறுத்த முயன்றிருந்தனர். எனவே முயற்சிக்குப் பஞ்சமில்லை; முயற்சிக்குத் துணைதான் குறைவு. இன்னொன்றும் உண்டு. புகைப்போர் 10.7 விழுக்காடு, மெல்லுதல் முதலிய புகையில்லா வகைகளைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. மருத்துவரிடம் சென்றவர்களுள், நிறுத்தும்படி அறிவுரை பெற்ற புகைப்போர் 48.8 விழுக்காடு, புகையில்லா வகையினர் 31.7 விழுக்காடு மட்டுமே. எங்கள் உணவுக்கூடத்தில் கைனி மெல்லும் ஊழியருக்குப் ‘புகைப்பழக்கம்’ என்ற சொல்லில்கூட இடமில்லை.

அப்படியானால் குறைத்துக்கொண்டால் போதாதா? போதாது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், 20 புகைப்பவருக்குக் கூடும் இதயநோய் இடரில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. குறைத்தல் வழியாகலாம், ஊராகாது.

எனவே ‘விட்டு வருகிறேன்’ என்று சொல்லிப் பார்க்கலாம். வழக்கில் அரிதெனினும் இலக்கணப் பிழையன்று. ‘வா’ என்னும் துணைவினை தொடர்ச்சியைக் காட்டுகிறது. இடையில் தடுமாறியவரையும் வழியிலேயே வைத்திருக்கிறது. தள்ளிப்போடுவதற்கு இது சாக்காகும் என்பீர்கள். ஆகலாம். அதனால்தான் நாளைக் குறிக்க வேண்டும். நிகோட்டின் சூயிங்கம் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்க வேண்டும். நிகோட்டின் விலகலின் கடுமை முதற்சில நாள்களில் உச்சமடைந்து, சில வாரங்களில் தணிகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் வளாகச் சுவர்களில் அபராத அறிவிப்பு உண்டு. அந்த எண் இல்லை. துறைதோறும் அதை ஒட்டுவதற்கு ஒரு தாள் போதும். உணவுக்கூடத்தில் ஒட்டுவது, அங்கு வேலை செய்வோர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். நண்பர்களிடம் ‘விட்டுவிட்டாயா?’ என்று கேட்பதை நிறுத்தி, ‘இந்த வாரம் எப்படி?’ என்று கேட்போம்.

இன்று எனக்கு இரண்டாம் முயற்சியின் 41ஆம் நாள். விட்டு வருகிறேன்.