பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க!



இதைப் படிக்கும்போது உங்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கிட்டு இருக்கா? கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஒட்டியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ராத்திரி தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிச்சா வீட்டுல எல்லாருக்கும் கேட்கும். உடனே "வயித்துல பூச்சி" என்பார்கள். பூச்சிக்குத்தான் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஸ்கூல்ல அல்பெண்டசோல் மாத்திரை தர்றாங்க. அதை எல்லாரும் போட்டுக்கணும். ஆனால் பகல்ல பல்லை இறுக்குறதுக்கு அது மருந்து இல்லை. பகல்ல இறுக்கினா சத்தமே வராது. கணக்குப் போடும்போது, பரீட்சை பேப்பர் திருத்திக் குடுக்கும்போது, அழுகையை அடக்கும்போது தாடை தானா இறுகிடும். நமக்கே தெரியாது.

மெல்லும்போதும் எச்சில் விழுங்கும்போதும்தான் பற்கள் ஒன்றோடொன்று தொட வேண்டும். சும்மா இருக்கும்போது நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பாருங்கள்.

1. நாக்கு ஓரத்துல சோமாசி ஓரம் மாதிரி பல் பதிஞ்ச தடம்.
2. கன்னத்தின் உள்பக்கம், பல் சேரும் இடத்துல வெள்ளைக் கோடு.
3. பல் நுனி தேய்ந்து தட்டையாவது, குளிர்ந்த தண்ணி குடிச்சா கூச்சம்.
4. சாயந்திரம் தாடை வலி, நெற்றிப்பொட்டில் தலைவலி.

தடமோ கோடோ மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது பலருக்கும் சாதாரணமாக இருக்கும். வலியோ கூச்சமோ சேர்ந்திருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடம் காட்டுங்கள். நம் வயதில் பெரும்பாலும் 28 பற்கள் முளைத்திருக்கும். கடைசி வரைக்கும் இதே பற்கள்தான். பல்லின் மேல் இருக்கும் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் தேய்ந்துவிட்டால் திரும்ப வளராது.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். பெரியவங்க நம்மகிட்ட அடிக்கடி சொல்றது, "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ." மாசா மாசம் வயித்து வலி வந்தா பொறுத்துக்கோ. பஸ்ஸுல எவனாவது கிண்டல் பண்ணினா பொறுத்துக்கோ. பசங்களுக்கோ, "ஆம்பளப் பையன் அழுவியா?" சொல்றவங்க சும்மா பேச்சுக்குத்தான் சொல்றாங்க. ஆனா நம்ம தாடை அதை நிஜமாவே செய்யுது!

பொறுமை வேண்டாம்னு நான் சொல்லலை. வலியை யார்கிட்டயும் சொல்லாம விழுங்குறது பொறுமை இல்லை. பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "பொறுத்துக்கோ" என்று சொல்வதற்கு முன்னால் "என்னம்மா ஆச்சு?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

நாமும் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு பீரியட் பெல் அடிக்கும்போதும் தாடையைக் கவனிப்போம். உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கும் தோளும் தளர்ந்திருக்கட்டும். டீச்சர் "வாயை மூடு"ன்னு சொன்னா உதட்டை மூடினாப் போதும், பல்லை இறுக்க வேண்டாம்! மனசுல இருக்கிறதை அம்மாகிட்டயோ, டீச்சர்கிட்டயோ, நம்பிக்கையான தோழிகிட்டயோ சொல்லிடணும்.

பல் போனா சொல் போச்சும்பாங்க. சொல்ல வேண்டியதைச் சொன்னா பல்லும் பிழைக்கும்!

— 9-ஆம் வகுப்பு மாணவி