சூரைச்செடியின் அடியில் ஓர் அப்பம்

இறைவாக்கினர் எலியா ஒருநாள் சாவை வேண்டினார். பாலைநிலத்தில், சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரை மன்றாடினார் (1 அரசர் 19). கார்மேல் மலையில் வெற்றி கண்டவருக்கே இந்நிலை! அவரிடம் வந்த வானதூதர், விசுவாசம் குன்றியவர் என்று அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் நீரும் வைத்தார்; உறங்கவிட்டார்; மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பின்னரே ஓரேபு மலைக்கான பயணம் தொடங்கியது.

இத்தகைய இரக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, நல்லூர் உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல் துறந்து, மழையில் நனைந்தவாறு, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சியை அடைந்தனர். ஆலயங்களும் பாடசாலைகளும் நிரம்பி வழிந்தன. முன்பின் அறியாதோருக்கும் வீடுகளும் விறாந்தைகளும் திறக்கப்பட்டன. கிணறும் அடுப்பும் பொதுவாயின. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியே போர்க்களமானபோது, ஏதிலிகளாகும் முறை அவர்களுடையதாயிற்று.

அன்று கிடைத்த ஒரு வாளி நீரும் ஒரு பிடி சோறும் வயிற்றை மட்டும் நிரப்பவில்லை. 'நான் தனித்துவிடப்படவில்லை' என்ற உறுதியை உள்ளத்துக்கு அளித்தன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் இதையே வலியுறுத்துகின்றது: உடனடித் தேவையை நிறைவுசெய்தல், செவிமடுத்தல், பேசுமாறு வற்புறுத்தாதிருத்தல், தக்க உதவியுடன் இணைத்துவிடுதல்.

ஆனால், 2009இல் போர் ஓய்ந்த பின்னும் உள்ளம் ஓயாதோரை நாம் எவ்வாறு நடத்துகின்றோம்? சோர்வுற்றவரை 'செபம் போதாது' என்கின்றோம். பிள்ளையின் திருமணம் தடைப்படுமென அஞ்சி, குடும்பத்தார் நோயை மறைக்கின்றனர். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாது உடனிருந்தவரை ஆறுதலாயிருந்தனர். குற்றம் சுமத்தத் தொடங்கியதும் சுமையாயினர். தற்கொலை செய்துகொண்டோரின் கடும் உளப்பாதிப்பு அவர்களது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (2282, 2283) போதிக்கின்றது. திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகையில், நாம் அக்குடும்பங்களை ஒதுக்குதல் தகுமோ?

அன்பு மருந்துக்கு மாற்றன்று. மருந்தை நாடும் துணிவைத் தருவது. செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எடுத்துக் கொடுப்பதும், வைத்தியசாலைக்குத் துணையாகச் செல்வதும் இரக்கச் செயல்களே.

அன்பியக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவர் நம் அயலில் இருக்கலாம். இவ்வாரம் அவர் வாயிலைத் தட்டுவோம், அறிவுரையோடன்று, உணவோடு.