அரிசி ருசி கண்ட யானை: பாடம் யாருக்கு?

பொட்டிபுரத்து விவசாயிக்கு யானை புதிதல்ல. ஊருக்கு மேற்கே சுவர்போல எழுந்து நிற்கும் மலையிலிருந்து அது எப்போது இறங்கும், எந்த ஓடை வழியாக வரும், எந்தப் பயிரைத் தேடும் என்பதைத் தகப்பனும் பாட்டனும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூங்கில், புல், மரப்பட்டை தின்னும் யானையை அவருக்குத் தெரியும். வாழையையும் கரும்பையும் சோளத்தையும் தேடி வரும் யானையையும் தெரியும். ஆனால் சுவரை இடித்து, மூட்டையை இழுத்து, அரிசியை மட்டும் தின்றுவிட்டுப் போகும் யானை அவருக்கும் வியப்பாகவே இருந்தது.

போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் சின்னக்கானல், சாந்தன்பாறைப் பகுதிகளில் பல ஆண்டுகளாக இதைச் செய்துவந்த ஒற்றை ஆண் யானைக்கு மக்கள் 'அரிக்கொம்பன்' என்று பெயரிட்டார்கள். 'அரி' என்றால் மலையாளத்தில் அரிசி. 'கொம்பன்' என்றால் தந்தமுள்ள யானை. பன்னியார் எஸ்டேட்டில் இருந்த ரேஷன் கடையை அது பலமுறை உடைத்தது. தோட்டத் தொழிலாளர் வீடுகளையும் உடைத்தது. போடியிலிருந்து அன்றாடம் விடியற்காலையில் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் இந்தக் கதைகளைக் கேட்டு அஞ்சியபடியே மலையேறி வந்தார்கள்.

இந்த யானைக்குப் பைத்தியம் என்றார்கள் சிலர். பழிவாங்குகிறது என்றார்கள் சிலர். இரண்டும் சரியல்ல. அது செய்தது விசித்திரமாகத் தோன்றினாலும் அதற்குத் தெளிவான காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அறிந்துகொள்வது வேடிக்கைக்காக அல்ல. அடிவாரத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியின் உயிருக்கும் உடைமைக்கும் அது அவசியம்.

யானையின் கணக்கு

வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீவனம் வேண்டும். தின்றதில் பாதிக்குக் குறைவாகவே செரிக்கிறது. ஆகவே ஒரு நாளின் பெரும்பகுதியை அது மேய்ச்சலிலேயே கழிக்கிறது. பசும்புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். அரிசியிலோ ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதான். மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. பல மணி நேரம் அலைந்து மேய்ந்து பெற வேண்டிய சத்து ஒரு மூட்டையில், ஒரே இடத்தில், சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது. இதைக் கண்டுகொண்ட யானையை மடையன் என்று சொல்ல முடியுமா?

அது எப்படிக் கண்டுகொள்கிறது? மோப்பத்தால். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், தாய்லாந்து நாட்டு யானைகளுக்கு முன் மூடிய இரண்டு வாளிகளில் சூரியகாந்தி விதை வைக்கப்பட்டது. கண்ணால் பார்க்காமல், முகர்ந்து மட்டுமே, எந்த வாளியில் அதிக விதை இருக்கிறது என்பதை அவை அறிந்து தேர்ந்தெடுத்தன. இத்தகைய மூக்கிற்கு ஒரு தகரக் கதவு பெரிய மறைப்பல்ல.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விஞ்ஞானி ஆர். சுகுமார் 1980-களில் சத்தியமங்கலம், சாமராஜநகர் பகுதிகளில் செய்த ஆராய்ச்சியில் மேலும் இரண்டு உண்மைகள் தெரியவந்தன. காட்டுப் புல்லைவிடப் பயிர்களில் புரதமும் சில தாது உப்புக்களும் அதிகம் இருந்தன. குட்டிகளோடு செல்லும் பெண் யானைகளைவிட வளர்ந்த ஆண் யானைகள் பல மடங்கு அதிகமாக வயல்களில் இறங்கின. நல்ல தீனி தின்று உடல் தேறிய ஆண் யானைக்கே இணை சேரும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஆபத்து இருந்தாலும் அது துணிகிறது.

ஒருமுறை வேலி தாண்டிச் சோளம் தின்ற மாடு மறுநாளும் அதே வேலியோரம் போய் நிற்பதை எல்லா விவசாயியும் கண்டிருக்கிறார். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பது பழமொழி. பூனைக்கும் மாட்டுக்கும் பொருந்துவது, அவற்றைவிட ஞாபகசக்தி மிகுந்த யானைக்குப் பொருந்தாதா? சின்னக்கானலில் பலாப்பழத்தைத் தேடி அலைந்த மற்றொரு யானைக்குச் 'சக்கக்கொம்பன்' என்று பெயர். மூணாற்றில் 'படையப்பா' என்று அழைக்கப்படும் யானை சாலையோரக் கடைகளில் காய்கறிகளைத் தின்னப் பழகியது. பொள்ளாச்சிப் பக்கம் அரிசிக்காக வீடுகளை உடைத்த ஒரு யானை 'அரிசி ராஜா' என்றே பெயர் பெற்று, 2019 நவம்பரில் பிடிக்கப்பட்டது. இடம் வேறு, யானை வேறு, பாடம் ஒன்றே. எளிதில் கிடைக்கும் இடத்தில் தீனியை வைத்தவன் மனிதன். கற்றுக்கொண்டது யானை.

இடம் மாற்றினால் தீருமா?

சின்னக்கானலை அடுத்த நீர்த்தேக்கத்தின் பெயரே ஆனையிறங்கல். யானைகள் நீருக்கு இறங்கிவந்த இடம் அது. அத்தகைய நிலத்தில் 2000-களின் தொடக்கத்தில் நிலமற்ற பழங்குடிக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. நிலம் கிடைத்தும் நிம்மதி கிடைக்காமல் பல குடும்பங்கள் பின்னர் வெளியேறின. ஏழைக்கு நிலம் கொடுத்தது தவறல்ல. யானையின் வழியில் கொடுத்ததே தவறு.

2023 ஏப்ரல் 29-ந் தேதி அரிக்கொம்பன் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை பொருத்தப்பட்டு, மறுநாள் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அத்துடன் கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். சில நாட்களிலேயே அது எல்லை தாண்டி மேகமலைக்கு வந்தது. மே 27-ந் தேதி காலையில் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. 144 தடையுத்தரவு போடப்பட்டது. அன்று யானையின் முன் அகப்பட்ட ஒருவர் படுகாயமடைந்து, சில நாட்களில் மரணமடைந்தார்.

அன்றைய தினம் கம்பத்தில் யானையின் நடத்தையைவிட மனிதரின் நடத்தையே விசித்திரமாக இருந்தது. வழி தெரியாமல் மிரண்டு ஓடிய மிருகத்தைக் கைப்பேசியில் படம் பிடிக்கக் கூட்டம் பின்னாலேயே ஓடியது. பின்னர் சண்முகாநதி அணைப் பகுதியில் சுற்றிய யானை ஜூன் 5-ந் தேதி மீண்டும் பிடிக்கப்பட்டது. அந்தப் பணிக்குக் கொண்டுவரப்பட்ட கும்கிகளில் ஒன்று 'முத்து'. அதுதான் முன்னாள் அரிசி ராஜா! அரிசி தின்று பிடிபட்ட யானையே அரிசி தின்ற யானையைப் பிடிக்க வந்தது.

அரிக்கொம்பன் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மேல் கோதையாறு காட்டில் விடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அங்கிருந்தும் மாஞ்சோலைத் தோட்டப் பகுதிக்கு ஒருமுறை வந்து வாழைகளைச் சேதப்படுத்திச் சென்றது.

இதிலிருந்து தெரிவது என்ன? ஒரு யானையை லாரியில் ஏற்றி அனுப்பலாம். அது கற்ற பாடத்தை இறக்கி வைக்க முடியாது. அது போன இடத்தில் அரிசி வாசனை இருக்கும்வரை வேறொரு யானையும் அதே பாடத்தைக் கற்கும். மிகவும் நெருக்கடியான நிலையில் இடமாற்றம் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் அதையே வைத்தியம் என்று நம்புவது, பூச்சி ஏன் வந்தது என்று பாராமல் மருந்து மட்டும் தெளித்துக்கொண்டிருப்பதற்குச் சமம்.

விவசாயி மட்டும் சுமக்கலாமா?

யானைக்காகப் பேசுவோர் சிலர் விவசாயியைக் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள். இது நியாயமல்ல. நகைக்கடன் வாங்கி நட்ட வாழை குலை தள்ளும் நேரத்தில் ஒரே இரவில் சாய்ந்து கிடந்தால், அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தேவாரம் அடிவாரத்தில் ஒற்றை மக்னா யானை தோட்டங்களில் புகுந்தபோது மாலையானால் வயலுக்குப் போகவே ஆட்கள் அஞ்சினார்கள். காட்டைக் காப்பதன் நன்மை நாட்டுக்கெல்லாம் கிடைக்கிறது. நஷ்டம் மட்டும் மலையடிவாரத்துச் சிறு விவசாயியின் தலையில் விழுகிறது. இழப்பீடு தாமதமின்றியும், பயிரின் உண்மையான மதிப்பை ஒட்டியும் கிடைக்க வேண்டும் என்று அவர் கேட்பது சலுகையல்ல, உரிமை.

அதே சமயம் ஆத்திரத்தில் செய்யும் ஒரு காரியத்தை யாரும் ஆதரிக்க முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவது யானையை மட்டும் கொல்வதில்லை. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் அண்டை வயல்காரரையும், சொந்தப் பிள்ளையையும் அது கொல்லும். சூரியசக்தி வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி தருவது, உயிரை எடுப்பதல்ல. அதையும் அரசு 2023-ல் கொண்டுவந்த விதிகளின்படி அனுமதி பெற்று, பதிவு செய்தே அமைக்க வேண்டும். வேலியோரம் களை மண்டினால் மின்னோட்டம் குறையும் என்பதால் வாரம் ஒருமுறை சுத்தம் செய்தல் அவசியம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மலையோரத் தோட்டங்களில் உள்ள காவல் குடிசையிலும் பம்புசெட் அறையிலும் அரிசி, கேழ்வரகு, பருப்பு, உப்பு, வெல்லம் இவற்றை இருப்பு வைத்தல் கூடாது. அன்றைய சமையலுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் செல்வது நலம். மாட்டுத் தீவனத்தையும் தவிடு, பிண்ணாக்கையும் ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம்.

மா, பலாப் பருவத்தில் கனிகளை மரத்திலேயே பழுக்க விடாமல் முன்கூட்டியே அறுவடை செய்தல் வேண்டும். உதிர்ந்த, அழுகிய பழங்களை வேலியோரம் குவித்து வைப்பது யானைக்கு அழைப்பு அனுப்புவதற்குச் சமம். அவற்றைக் குழியில் புதைக்கலாம்.

காட்டை ஒட்டிய பகுதியில் வாழை, கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றைக் குறைத்து, யானை அதிகம் விரும்பாத மிளகாய், மஞ்சள், இஞ்சி, எலுமிச்சை போன்றவற்றைப் பயிரிட்டுப் பார்க்கலாம். ஏலத்தை யானை தேடித் தின்பதில்லை. ஆனால் வழியில் இருந்தால் மிதித்து நாசமாக்கும். யானை வழக்கமாகச் செல்லும் தடத்தை அடைக்காமல் விட்டுவிடுவதே லாபம்.

தேனீப் பெட்டிகளைக் கம்பியில் கோத்து வேலியாக அமைக்கும் முறை ஆப்பிரிக்காவின் கென்யாவில் நல்ல பலன் தந்தது. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2021 மார்ச்சில் குடகில் இதைத் தொடங்கியது. இந்தியத் தேனீ ஆப்பிரிக்கத் தேனீயைப் போல மூர்க்கமானதல்ல. ஆகவே இதை மட்டும் நம்பி இரவில் நிம்மதியாகத் தூங்க முடியாது. எனினும் ஏலப்பூவின் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ அவசியம் என்பதால், யானை அஞ்சாவிட்டாலும் காய்ப்பிடிப்பும் தேனும் கிடைக்கும். பெட்டிக்குப் போட்ட பணம் வீணாகாது.

சேதம் ஏற்பட்டால் சாய்ந்த பயிரை அகற்றும் முன் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உடனே வனச்சரகருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இருட்டில் தனியே விரட்டச் செல்வதும், மிக அருகில் வெடி கொளுத்துவதும் உயிருக்கு ஆபத்து.

மணியோசை முன்னே வரட்டும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கோயில் யானைக்கு மணி உண்டு. காட்டு யானைக்கு இல்லை. அந்த மணியைக் கட்டியவர்கள் வால்பாறையில் இருக்கிறார்கள். அங்கே அரிசி, பருப்பு வைத்திருந்த ரேஷன் கடைகளும் சத்துணவுக் கூடங்களும் யானைகளால் அடிக்கடி உடைக்கப்பட்டன. மனித உயிர்களும் போயின. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் வனத்துறையுடன் சேர்ந்து, யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தி மூலம் மக்களுக்கு மாலையிலேயே தெரிவித்தார்கள். முக்கியமான இடங்களில், கைப்பேசியால் இயக்கக்கூடிய சிவப்பு விளக்குகளும் வைக்கப்பட்டன. விளக்கு எரிந்தால் யானை அருகில் இருக்கிறது என்று அர்த்தம். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. யானையும் அங்கேயே இருந்தது. மனிதரும் அங்கேயே இருந்தார்கள்.

இதே ஏற்பாடு போடிமெட்டுச் சாலைக்கும், பொட்டிபுரம் முதல் தேவாரம் வரையிலான அடிவாரக் கிராமங்களுக்கும் தேவை. விடியலில் ஜீப் ஏறும் தொழிலாளிக்கும், நள்ளிரவில் மடை மாற்றப் போகும் விவசாயிக்கும் யானை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். மலைத்தோட்டப் பகுதிகளில் ரேஷன் அரிசியை ஒரே கட்டிடத்தில் வாரக்கணக்கில் குவித்து வைக்காமல், வண்டியில் கொண்டுவந்து அன்றே விநியோகித்து முடிக்கும் முறையை இரு மாநில அரசுகளும் ஏற்படுத்த வேண்டும். ஒரு யானையைப் பிடித்து ஊர் ஊராகக் கொண்டு செல்லும் செலவோடு ஒப்பிட்டால் இவை பெரிய செலவல்ல.

மிருகம் விசித்திரமாக நடந்துகொண்டால், அது எதைக் கண்டு அவ்வாறு நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அரிக்கொம்பன் கண்டது மனிதன் வைத்த மூட்டையை. அடுத்த குட்டி அதைக் காணாதபடி செய்வது ஒருவரால் ஆகிற காரியமல்ல. அரசும் தோட்ட நிர்வாகங்களும் தம் பங்கைச் செய்தால், அடிவாரத்து விவசாயி தம் பங்கைச் செய்யத் தயங்கமாட்டார்.