உங்க டிக்கெட்டுக்கு மீதிக் காசு யார் கட்டினது?

விவசாயத்துக்கு மானியம்னு பேப்பரில் ஒரு செய்தி வந்தால் போதும், "எங்க வரிப்பணம்"னு பட்டணத்தில் ஒரு குரல் கேட்கும். உரத்துக்கும் கரண்டுக்கும் கேட்ட அதே குரல், ரயிலில் சரக்கு அனுப்பக் கட்டணச் சலுகை கேட்டாலும் வருது.

அவங்களை ஒண்ணு கேக்கறனுங்க. ரயில் டிக்கெட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடிச்சாங்களே, படிச்சீங்களா? பயணச் செலவில் சராசரி 57 சதவீதம்தான் ரயில்வே உங்ககிட்ட வாங்குதுன்னு அதில் போட்டிருந்தது. மீதிக்கு யார் கட்டினது? பெரும்பாலும் சரக்கு வண்டிதான். நிலக்கரி, சிமெண்ட், கண்டெய்னர் இதிலெல்லாம் கூடுதலாக வாங்கித்தான் பயணிகளின் நஷ்டத்தை ரயில்வே ஈடுகட்டுகிறது. அதை யாரும் மானியம் என்று ஏளனமாகப் பேசுவதில்லை. டிக்கெட் விலையை ஏத்தச் சொல்லலைங்க, நானும் அன்ரிசர்வ்ல போறவன்தான். சரக்குக்குச் சலுகை கேட்டால் பிச்சை கேட்ட மாதிரி பேசாதீங்கன்னுதான் சொல்றேன்.

இதனால் என்ன ஆச்சு? சுதந்திரம் வாங்கின புதுசில் நாட்டுச் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது. இன்னைக்கு 30 கூட இல்லை. கட்டணமும் ஜாஸ்தி. அதோட, பயணி வண்டிக்கெல்லாம் வழிவிட்டு லூப் லைனில் காத்துக் கிடக்கிற சரக்கு வண்டி எப்போ போய்ச் சேரும்னு யாருக்குத் தெரியும்? 2030க்குள் 45 சதவீதமாக்குவோம்னு தேசிய ரயில் திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதுறதுக்கு என்ன!

எங்க பொள்ளாச்சிப் பக்கத்தையே எடுத்துக்குங்க. தேங்காய் மட்டையில் நார் எடுத்தது போக மிஞ்சுற பித்தைக் கட்டியாக அழுத்தி, கண்டெய்னரில் ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். ஹாலந்தில் கண்ணாடி வீட்டுக்குள் விளையுற தக்காளிக்கு அதுதான் மண்ணு. பொள்ளாச்சியிலிருந்து பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி வரைக்கும் அகலப்பாதைத் தண்டவாளம் இருக்கு. ஆனால் நான் பார்க்கிற கண்டெய்னரெல்லாம் 300 கிலோமீட்டருக்கு மேல் லாரியில்தான் போகுது. டீசல் ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் மில்லுக்காரர் எங்க மட்டை விலையில் பிடிப்பார். வெளிநாட்டுக்காரனிடம் அவரால் கூட்டிக் கேட்க முடியாது, எங்களிடம் குறைக்க முடியும்.

லாரிக்கு மட்டும் மானியம் இல்லையா? ரோடு அரசு போட்டது, குழி விழுந்தால் மூடுறதும் அரசு. டோல் கட்டுறாங்களேம்பீங்க. எல்லா ரோட்டிலும் டோல் இருக்கா? ரயில் தன் தண்டவாளத்தைத் தானேதான் பார்த்துக்கணும்.

சரி, அரசு கொடுத்த சலுகையாவது ஒழுங்கா? 2020 ஆகஸ்ட் 7-ம் தேதி மகாராஷ்டிராவின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் கிசான் ரயிலை விட்டார்கள். காய்கறி, பழத்துக்குக் கட்டணத்தில் பாதியை மத்திய உணவு பதப்படுத்தும் துறை ஏற்றது. நல்ல காரியம், இல்லைங்கலை. ஆனால் அந்தத் துறை கொடுத்த 50 சதவீதம் 2022 மார்ச்சோடு நின்னுபோச்சு. இப்படி இன்னைக்கு உண்டு, நாளைக்கு இல்லைங்கிற சலுகையை நம்பி எந்த மில்லுக்காரர் பழகின லாரிக்காரரை விடுவார்?

இன்னொரு கோளாறும் இருக்கு. கட்டணத்தில் மட்டும் தள்ளுபடி கொடுத்தால் கண்டெய்னருக்குப் பத்தாது. மில்லிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு லாரி, வேகன் மேலே தூக்கி வைக்க ஒரு கூலி, அந்தப் பக்கம் இறக்க மறுபடி ஒரு கூலி. ஆயிரம் கிலோமீட்டர் போற சரக்குக்கு இது பெரிசாத் தெரியாது. தூத்துக்குடி தூரத்துக்கு, ரயிலில் மிச்சமாவதை இதுவே தின்னுடும்.

அதனால் தள்ளுபடியை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் பொள்ளாச்சி ஸ்டேஷன் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டும், தூக்கி வைக்க ஒரு மிஷினும் அரசு செலவில் போடட்டும். வாரத்தில் எந்தெந்த நாள் வண்டி கிளம்பும், பத்து வருஷத்துக்குக் கட்டணம் என்ன என்று எழுதிக் கொடுக்கட்டும். அதுக்கும் உங்க வரிப்பணம்னு கணக்குக் கேட்டால், டிக்கெட்டை எடுத்து வெச்சுக்கிட்டுப் பேசுவோமுங்க.